பழனிக்கு பஸ் ஓட்டிய ஜி.டி.நாயுடு

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குக் காரில் போகிறவர்கள் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. ஒட்டன்சத்திரம் தாண்டியதும் வேகத்தைக் கூட்டுவார்கள். திடீரென்று ஸ்டியரிங் கையில் நடுங்கும். வண்டியே உதறும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டி, முருகா என்பாள்.

வண்டியில் என்ன கோளாறு என்று தானே கழற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் மனிதர் ஒருவர், 100 ஆண்டுகளுக்கு முன்பு இதே பழனிக்கு பஸ் ஓட்டினார். அவர்தான் ஜி.டி.நாயுடு.

மூன்றாம் வகுப்பு

கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமம். அங்கே 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி அவர் பிறந்தார். முழுப் பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தார்.

பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. வாத்தியார் முகத்தில் மண்ணை வீசினாராம்! மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை. வண்டி மட்டும் ஓடுகிறது! அதைப் பார்த்த பிறகு துரைசாமிக்கு வயல் வேலையில் மனம் செல்லவில்லை.

கோவைக்குப் போனார். ஓட்டலில் சர்வராக வேலை பார்த்தார். காசு காசாகச் சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார். ஊர் சுற்றவா? இல்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார். பிறகு அப்படியே பூட்டினார். அதுதான் அவர் படித்த காலேஜ்.

நடுவே பஞ்சு வியாபாரம் செய்தார். பம்பாய் வரை போய்ப் பணத்தை இழந்து திரும்பினார்.

கடனில் ஒரு பஸ்

கோவையில் ஸ்டேன்ஸ் துரை என்ற ஆங்கிலேயர் இருந்தார். அவருடைய உதவியால், 1920-ல் நாயுடுவுக்குக் கடனில் ஒரு பஸ் கிடைத்தது. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை ஓட்டினார். அவரே முதலாளி, அவரே டிரைவர்.

அப்போது பழனிக்கு ரயில் கிடையாது. திண்டுக்கல்–பொள்ளாச்சி ரயில் பாதை 1928-ல்தான் திறந்தது. மலைக்குப் போகிறவர்களுக்கு மாட்டு வண்டி, இல்லாவிட்டால் நடை. பஸ்ஸுக்கு ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. பஸ் கெடாமல் ஓட வேண்டும், அதுதான் கஷ்டம்!

அந்தக் காலத்துச் சாலைகள் பெரும்பாலும் கப்பி ரோடு. இரும்புப் பட்டை போட்ட வண்டிச் சக்கரங்கள் பள்ளம் பறித்திருக்கும். அந்தப் பாதையில் நாள் முழுவதும் குலுங்கினால் நட்டு கழலும். ஸ்பிரிங் பட்டை முறியும். ஒரே ஒரு பஸ். அது நின்றால் வருமானம் நிற்கும், கடன் நிற்காது.

நாயுடுவின் பஸ் ஓடியது. ஒன்று இரண்டாகி, இரண்டு பத்தாகி, யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய கம்பெனி ஆயிற்று. 1933-ல் அதில் 280 பஸ்கள் இருந்தன. என்ஜினின் அதிர்வைச் சோதிக்கும் கருவி ஒன்றையும் அவர் செய்ததாகச் சொல்வார்கள்.

உதறல் எங்கே?

அதிர்வைச் சோதிப்பானேன்? வண்டியின் நோயை முதலில் சொல்வது அதுதான். இன்றைய காருக்கும் இது பொருந்தும்.

கார் பலமாக உதறினால் மெதுவாக வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்துங்கள். முதலில் சக்கர நட்டுகளைப் பாருங்கள். சமீபத்தில் சக்கரம் மாற்றியிருந்தால் கட்டாயம் பாருங்கள். நட்டு தளர்ந்த சக்கரம் கழன்று ஓடிவிடும்.

பிறகு கியரை நியூட்ரலில் போட்டு, என்ஜினை மட்டும் ஓடவிடுங்கள். அப்போதும் உதறினால் கோளாறு என்ஜின் பக்கம். பிளக் கெட்டிருக்கலாம், என்ஜினைத் தாங்கும் ரப்பர் தேய்ந்திருக்கலாம்.

நிற்கும்போது அடங்கி, ஓடும்போது மட்டும் வந்தால் சக்கரத்தைச் சந்தேகப்படுங்கள். ஸ்டியரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன் சக்கரம். இருக்கை நடுங்கினால் பின் சக்கரம். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் உதறினால் பிரேக்கைக் கவனிக்க வேண்டும்.

சக்கரத்தின் ஒரு பக்கம் சில கிராம் எடை கூடினாலே போதும். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றினால் கை இழுபடுகிறதல்லவா? அதே சங்கதிதான். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். அதனால்தான் ஊருக்குள் சாதுவாக இருக்கும் வண்டி, பெரிய ரோட்டில் ஆடுகிறது. டயர் கடைக்காரர் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, எடை குறைந்த இடத்தில் ரிம்மில் ஒரு சின்ன எடைத் துண்டை மாட்டுவார். ஆட்டம் நிற்கும். டயர் புடைத்திருந்தால் எடைத் துண்டு உதவாது; டயரையே மாற்ற வேண்டும்.

பெட்ரோல் கார்

நாயுடு பஸ்ஸோடு நிற்கவில்லை. பேட்டரியில் ஓடும் சவரக் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி என்று பலவற்றைச் செய்தார். 1945-ல் கோவையில் தொழிற்கல்வி நிலையம் தொடங்கினார். மூன்றாம் வகுப்புப் படித்தவர் இன்ஜினீயர்களுக்குப் பாதை போட்டார்!

1952-ல் இருவர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய்தான். சர்க்கார் லைசென்ஸ் கிடைக்கவில்லை. கார் சந்தைக்கு வரவில்லை. கிடைத்திருந்தால் நம் தெருவில் எத்தனை வீட்டு வாசலில் அது நின்றிருக்குமோ!

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி நாயுடு காலமானார். கோவை அவினாசி ரோட்டில் அவர் பெயரில் கட்டிய மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது.