தன்னைப் பெறும் பொறி

அங்கேரியின் புடாபெஸ்ற் நகரில் 1903இல் வங்கியாளரொருவரின் மகனாகப் பிறந்த யோன் வொன் நொய்மன், கணிதத்தில் இளமையிலேயே புகழெய்தி, 1930இல் அமெரிக்கா சென்றார். பொறியொன்று தன்னையொத்த பொறியைப் பெறுமோ? தன் அமைப்பைத் தன்னுள் எழுதிவைப்பின், அவ்வெழுத்தையும் அதனுள் எழுதவேண்டுமே, முடிவேது? 1948இல் அவர் உரைத்த விடை எளிது, எளிதாகையாலேயே வியப்புக்குரியது. குறிப்பு இருவகையிற் பயன்படும். ஒருகால் அதனைக் கட்டளையாகக் கொண்டு பொறி தன் சேயைக் கட்டும்; ஒருகால் பொருளுணராமலே படியெடுத்துச் சேயினுள் வைக்கும். உயிரணுவும் ஏறக்குறைய இவ்வாறே பெருகுகின்றதென்பது 1953இன் பின்னரே தெளிவாயிற்று. நூல் முற்றுப்பெறுமுன், 1957இல், 53ஆம் வயதிற் புற்றுநோயால் மறைந்தார். ஆதர் பேர்க்ஸ் அதனை நிறைவாக்கி 1966இல் வெளியிட்டார். விண்மீன்தோறும் சென்று ஆங்குள்ள மூலப்பொருளாற் பெருகும் கலத்துக்குப் பின்னையோர் அவர் பெயரையே இட்டனர். அக்கலம் இன்னும் ஏட்டளவிலேயே உள்ளது.