சென்னிமலைப் போர்வையும் கொடி காத்த குமரனும்

முருகா சரணம்.

பண்ணைக்காட்டில் இருந்து எழுதுறேன். மார்கழி கடைசி. காலைல எட்டு மணி வரைக்கும் எதிர்வீட்டு ஓடு கூடத் தெரியல, அவ்வளவு மூடுபனி. காப்பிப் பழம் பறிக்கிற நேரம்கிறதால வீட்டில் யாருக்கும் ஓய்வு இல்லை. போன வாரம் குளிர் தாங்காம நான் இருமிக்கிட்டே இருந்ததைப் பார்த்துட்டு, பெரியம்மா பீரோவைத் திறந்து ஒரு போர்வையை எடுத்துக் கொடுத்தாங்க. சென்னிமலைப் போர்வை. அது எங்க அண்ணன் வாங்கினது.

அண்ணன்னா பெரியப்பா மகன். சென்னிமலை முருகனைக் கும்பிட்டு வரும்போது வாங்கி வந்தது. அடுத்த வருஷமே மலை ரோட்டில், இதே மாதிரி ஒரு பனிக்காலத்தில், பைக்கில் போனவன் திரும்பி வரலை. இருபத்தஞ்சு வயசு. எட்டு வருஷமா அந்தப் போர்வை பீரோவிலேயே இருந்தது. அவன் பேரை வீட்டில் யாரும் எடுக்க மாட்டோம்.

போர்வையைப் போர்த்திக்கிட்டுப் படுத்தா தூக்கம் வரல. அப்பதான் சென்னிமலைக்காரர் இன்னொருத்தர் ஞாபகம் வந்தார். இதே மார்கழிக் கடைசியில் போனவர். திருப்பூர் குமரன்.

நம்மில் நிறையப் பேருக்கு அவரைத் திருப்பூர்க்காரராகத்தான் தெரியும். பிறந்தது சென்னிமலை, 1904 அக்டோபர் 4. அப்பா நாச்சிமுத்து, அம்மா கருப்பாயி. கைத்தறி நெசவுக் குடும்பம். 1320 படி ஏறினா முருகன் சன்னதி. அடிவாரத்தில் தறிச் சத்தம். கந்த சஷ்டி கவசத்தைத் தேவராய சுவாமிகள் அரங்கேற்றியது இந்த மலையில்தான் என்பது ஐதீகம், அது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த பிள்ளைக்குக் குமாரசாமின்னு பேர் வச்சாங்க. ஊர் வாயில் அது குமரன் ஆனது.

ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்னுபோச்சு. வறுமைதான் காரணம். தறியில் உட்கார்ந்தார். பத்தொன்பது வயசில், 1923-ல், ராமாயியோடு கல்யாணம். நெசவு வருமானம் குடும்பத்துக்குப் போதல. அதனால திருப்பூர் வந்து ஒரு பருத்தி ஆலையில் எடை போடுகிற குமாஸ்தா வேலையில் சேர்ந்தார்.

இந்த இடத்தை நாம சட்டுனு தாண்டிடுறோம். மில் துணி வந்து கைத்தறிக்காரன் பிழைப்பைப் பறிச்ச காலம் அது. காந்தி கதர் கட்டச் சொன்னப்போ, படிச்சவங்களுக்கு அது கொள்கை. ஒரு நெசவாளி மகனுக்கு அது அடுப்பு எரியுற விஷயம். திருப்பூரும் கதருக்குப் பேர் போன ஊர். குமரன் அங்கே தேசபந்து இளைஞர் சங்கத்தில் முன்னால் நின்றார். பெரிய பேச்சாளர் இல்லை, பெரிய குடும்பமும் இல்லை. பகலில் பருத்தி எடை, மீதி நேரம் சங்க வேலை. நம்ம ஊரில் தைப்பூசத்துக்குத் தண்ணிப் பந்தல் போட ஓடுற பசங்க இருக்காங்களே, அந்த மாதிரி ஒரு பையனாகத்தான் எனக்கு அவர் தெரியுறார்.

1931 டிசம்பர் கடைசியில் காந்தி லண்டன் வட்டமேஜை மாநாட்டில் இருந்து வெறுங்கையோடு திரும்பினார். 1932 ஜனவரி 4-ஆம் தேதி அவரைக் கைது பண்ணிட்டாங்க. காங்கிரஸுக்கும் தடை. நாடு முழுக்க மறியல், ஊர்வலம். திருப்பூரில் ஜனவரி 10-ஆம் தேதி பி.எஸ். சுந்தரம் தலைமையில் தொண்டர்கள் சிலர் கொடியோடு கிளம்பினாங்க. பெரிய கூட்டமெல்லாம் இல்லை. அடி விழும்னு தெரிஞ்சே போன சிலர், அவ்வளவுதான். அதில் குமரனும் ஒருத்தர்.

கொடி ஏந்திப் போகவே தடை இருந்தது. காவி, வெள்ளை, பச்சையில் நடுவே ராட்டை போட்ட கொடியைக் காங்கிரஸ் ஏத்துக்கிட்டதே 1931 ஆகஸ்டில்தான். அதாவது அஞ்சு மாசக் குழந்தை மாதிரி ஒரு கொடி. போலீஸ் தடியால் அடிச்சாங்க. குமரனுக்கு மண்டை உடைஞ்சது. கீழே விழுந்தும் கையில் இருந்த கொடியை விடலை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. மறுநாள், ஜனவரி 11, உயிர் போயிருச்சு. வயசு இருபத்தேழு.

(போன வருஷம் ஒரு ஃபார்வர்டில் அவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்ததா வந்தது. தப்பு. தடியடிதான். அதை அனுப்பினவங்க கோவிச்சுக்காதீங்க.)

சேவற்கொடியோன் பேரை வச்சுக்கிட்டவர் கொடியைக் காத்தார்னு சொல்லி நாம புல்லரிச்சுக்கலாம். எனக்கும் புல்லரிக்கும். ஆனா இந்தத் தடவை போர்வைக்குள் கிடந்தப்போ என் மனசு போனது ராமாயி அம்மாள் கிட்டே. கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம் கூட முழுசா ஆகியிருக்குமா தெரியல. ஊர் அவரைத் தியாகின்னு கொண்டாடுது. இன்னைக்குத் திருப்பூரில் குமரன் ரோடு இருக்கு, ரயில் நிலையம் பக்கத்தில் நினைவகம் இருக்கு, 2004-ல் நூற்றாண்டுக்குத் தபால்தலையும் வந்தது. அந்த மனுஷி எல்லாரையும் போல விடிஞ்சதும் எழுந்து அடுப்புப் பத்த வச்சிருப்பாங்க இல்லையா. கருப்பாயி அம்மாளும்தான். வீட்டில் காலியான இடத்தில் எந்தச் சிலையும் வந்து உட்காராது. அதை நான் புஸ்தகத்தில் படிக்கல, பெரியம்மா முகத்தில் பார்த்தது.

மறுநாள் காப்பிப் பழம் பறிக்கும்போது குமரன் கதையைப் பெரியம்மாகிட்டே சொன்னேன். பேசாம கேட்டுக்கிட்டே பறிச்சாங்க. முடிஞ்சதும் அந்தப் பொண்ணு பேர் என்னன்னு கேட்டாங்க. ராமாயின்னேன். அந்தப் பையனுக்கு எத்தனை வயசுன்னு கேட்டாங்க. சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, எட்டு வருஷத்தில் முதல் தடவையா, அண்ணன் பேரைச் சொன்னாங்க. இருந்திருந்தா இப்ப அவனுக்கு முப்பத்து மூணுன்னாங்க. அவன் போர்வை வாங்கின கடை இன்னும் இருக்குமான்னு என்னையே கேட்டாங்க.

நாங்க வழக்கமா தைப்பூசத்துக்குப் பெருமாள்மலை வழியா பழனி போவோம். இந்த வருஷம் பழனி முடிச்சுட்டு அப்படியே சென்னிமலையும் போறதா இருக்கு. மலைக்கு மேலேயே வண்டி போகும்னு சொல்லிட்டேன். முட்டிவலி இருந்தாலும் படி ஏறித்தான் வருவேன்னு பெரியம்மா பிடிவாதமா இருக்காங்க. வர்றவங்க இருந்தா சொல்லுங்க, சேர்ந்தே போவோம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.