வீதிதோறும் பாடிய பாணர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுப்பகுதியில் ஓக்லகோமா என்னும் மாநிலம் உள்ளது. அம்மாநிலத்தைச் சேர்ந்த ஒகீமா என்னும் சிற்றூரில் 1912ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 14ஆம் நாள் உட்டி கத்ரி பிறந்தார். அவ்வாண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற உட்ரோ வில்சனின் பெயரையே பெற்றோர் மகனுக்கு இட்டனர். நாளடைவில் அப்பெயர் உட்டி எனக் குறுகிற்று. தந்தையார் நிலம் வாங்கி விற்கும் தொழிலினர். அன்னையார் பழங்கதைப் பாடல்களை இனிமையாகப் பாட வல்லவர். வீட்டு வேலைகளுக்கிடையே அவர் பாடிய பாடல்களே சிறுவனின் செவிக்கு முதலுணவாயின.

இளமையின் இன்பம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1919ஆம் ஆண்டில் அவருடைய தமக்கை உடையில் தீப்பற்றி மாண்டாள். அன்னையாரோ இன்னதென்று அறிய இயலாத நோய்க்கு ஆளானார். கைகால்கள் தாமே துடித்தன, அறிவு தடுமாறியது, ஊரார் ஏதேதோ பேசினர். 1927இல் அவரை மனநோய் மருத்துவமனையில் சேர்த்தனர். மூன்றாண்டுகளில் ஆங்கே அவர் உயிர் நீத்தார். குடும்பம் சிதறியது. பதினைந்து வயதுச் சிறுவன் கிடைத்த வேலையைச் செய்தும், நண்பர் வீடுகளில் தங்கியும் நாள் கழித்தான். அந்நாளில் அவனுக்கு இசை கற்பித்தவர் முடிதிருத்தும் கடை வாயிலில் காலணி துடைத்த கறுப்பின இளைஞர் ஒருவர். அவர் மௌத் ஆர்கனில் புகைவண்டியின் ஓசையை எழுப்புவதைக் கேட்டு மயங்கி நின்ற உட்டி, தானும் அக்கருவியை வாசிக்கக் கற்றுக் கொண்டான்.

இச்செய்தியை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஏனெனில் அவ்வூரில் நிறவெறி வேரூன்றியிருந்தது. உட்டி பிறப்பதற்கு ஓராண்டுக்கு முன்னர், 1911இல், கறுப்பினத் தாய் ஒருத்தியையும் அவள் மகனையும் வெள்ளையர் கும்பல் ஒன்று ஊர்ப்புறத்து ஆற்றுப் பாலத்தில் தூக்கிலிட்டுக் கொன்றது. அக்காட்சியைப் படமெடுத்து அஞ்சலட்டையாக விற்றவரும் இருந்தனர். இத்தகைய ஊரில் வளர்ந்தவரிடம் அவ்வூரின் பழுது சிறிதும் ஒட்டாதிருத்தல் அரிது. உட்டியிடமும் அஃது ஒட்டியே இருந்தது.

1929இல் அவர் டெக்சாஸ் மாநிலத்துப் பாம்பா நகருக்குச் சென்றார். சிற்றப்பர் ஒருவரிடம் கிதார் வாசிக்கக் கற்றார். இசைக்குறிகளைப் படித்தறிய அவர் ஒருபோதும் பயின்றாரல்லர். 1933இல் திருமணம் நிகழ்ந்தது. அப்பகுதியில் புல்வெளிகளையெல்லாம் உழுது கோதுமை விதைத்திருந்தனர். மழை பொய்த்தபோது, புல்லின் வேர்ப்பிடிப்பை இழந்த மண் காற்றோடு கிளம்பியது. 1935ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் கருமேகம் போன்ற புழுதிமலையொன்று வந்து பாம்பாவைக் கவிந்தது. எதிரில் இருப்பவர் முகம் தெரியாத இருள் சூழ்ந்தது. உலகமே முடிந்ததென்று எண்ணி மக்கள் ஒருவரிடம் ஒருவர் விடைபெற்றுக் கொண்டனராம். வயலையும் வீட்டையும் இழந்த உழவர் பல்லாயிரவர் மேற்கே கலிபோர்னியாவை நோக்கிப் புறப்பட்டனர். உட்டியும் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு சரக்கு ரெயில்களில் ஒளிந்தும், வழிப்போக்கர் வண்டிகளில் ஏறியும் அவ்வழியே சென்றார்.

1937இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர வானொலி நிலையம் ஒன்றில் பாடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. ஊரிழந்து வந்த உழவர்கள் தம் ஊர்ப் பேச்சையும் பாட்டையும் கேட்டு உளங்குளிர்ந்தனர். ஒருநாள் அவர் வானொலியில் கறுப்பினத்தாரை இழித்துரைக்கும் சொல்லொன்று பயிலும் பாடலைப் பாடினார். பழக்கத்தால் பாடினாரேயன்றிப் பகைமையால் அன்று. ஆயினும், அதனைக் கேட்ட கறுப்பினக் கல்லூரி மாணவர் ஒருவர், அச்சொல் தம் நெஞ்சை எவ்வாறு புண்படுத்தியது என்பதை விளக்கி மடல் எழுதினார். உட்டி தம் தவற்றுக்குச் சாக்குக் கூறவில்லை. கேட்போர் அனைவரும் அறிய அம்மடலை வானொலியிலேயே படித்தார், மன்னிப்பு வேண்டினார், அச்சொல்லை இனிச் சொல்வதில்லை என்று உறுதி கூறினார். காலணி துடைத்த இளைஞரின் மாணாக்கர் அன்றுதான் மெய்யாகவே மாணாக்கரானார் எனலாம்.

வானொலியில் பாடுவதோடு அவர் மனநிறைவு கொள்ளவில்லை. பழத்தோட்டங்களிலும் பருத்திக் காடுகளிலும் கூலிக்கு உழைத்தவர் தங்கிய கூடாரங்களுக்கு முன்னறிவிப்பின்றிச் செல்வார். மேடை இல்லை; விளக்கு இல்லை; நுழைவுச் சீட்டும் இல்லை. கவிழ்த்த பெட்டியொன்றில் அமர்ந்து பாடத் தொடங்குவார். நெடுநாளாக மக்கள் அறிந்த பழைய மெட்டையே எடுத்துக்கொண்டு, அம்மக்களின் அன்றைய துயரை அதிற் புதுச்சொற்களால் அமைப்பது அவர் வழக்கம். மெட்டு முன்னரே நெஞ்சில் இருந்தமையால், இரண்டாம் அடியிலேயே கூட்டத்தினர் சேர்ந்து பாடத் தொடங்குவர். வழியிற் செல்வோரை நிறுத்திப் பாட வைப்பதற்கு இதனினும் எளிய முறை வேறில்லை.

1940இல் அவர் நியூயார்க் நகரம் சேர்ந்தார். நாடு கடவுளால் வாழ்த்தப்பெற்றது என்னும் பொருளமைந்த பாடலொன்று அப்போது வானொலியில் ஓயாது ஒலித்துக் கொண்டிருந்தது. பசித்தவரைப் பார்த்து வந்த உட்டிக்கு அப்பாடல் எரிச்சலூட்டியது. மறுமொழியாக அவ்வாண்டு பிப்ரவரி 23ஆம் நாள் எளிய விடுதி அறையொன்றில் அவர் எழுதியதே, இந்நிலம் யாவர்க்கும் உரியது என்று முழங்கும் புகழ்பெற்ற பாட்டு. பள்ளிப் பிள்ளைகள் அதனைப் பாடி வளர்ந்தனர். ஆனால் தனியுடைமை வேலியையும், உதவி நாடி வரிசையில் நிற்கும் ஏழையரையும் கூறும் பகுதிகள் பாடநூல்களிற் பெரும்பாலும் விடுபட்டன. பாட்டு எழுந்ததே அப்பகுதிகளின் பொருட்டு என்பதை நோக்குமிடத்து இஃது வியப்பிற்குரியது. அடுத்த ஆண்டு மே மாதத்தில், கொலம்பியா ஆற்று அணைகளைப் பற்றி ஒரு திங்களில் 26 பாடல்கள் புனைந்து அரசினரிடம் ஏறக்குறைய 266 டாலர் ஊதியம் பெற்றார்.

நியூயார்க்கில் வானளாவிய கட்டடம் ஒன்றின் 65ஆம் மாடியில் செல்வர் கூடும் உணவு மண்டபம் இருந்தது. ஆங்குப் பாடுவதற்கான தேர்வுக்குச் சென்றபோது, நாட்டுப்புறக் கோமாளிபோல் உடை உடுத்து வரவேண்டும் என்று கூறினர். உட்டி அவர்களையே எள்ளிப் பாடிவிட்டு மாடியிலிருந்து இறங்கினார். தம் தன்வரலாற்று நூலில் இந்நிகழ்ச்சியை அவர் சுவைபட விரித்துள்ளார். மாடியில் மறுத்ததைத் தெருவில் மகிழ்ந்து செய்தார். மதுக்கடைகளிலும், தொழிலாளர் கூட்டங்களிலும் பாடித் தொப்பியில் விழும் சில்லறையைப் பெற்றார். 1943இல் எடுக்கப்பெற்ற ஒளிப்படங்கள் சில உள. சுரங்க ரெயில் பெட்டியில், பயணிகளுக்கிடையே கிதாரை மீட்டி அவர் பாடும் காட்சியை அவற்றிற் காணலாம். தம் கிதார் பாசிசத்தைக் கொல்லும் பொறி என்னும் கருத்துடைய வாசகத்தையும் அதன்மீது எழுதி வைத்திருந்தார்.

அவ்வாசகம் வெறுஞ்சொல் அன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வணிகக் கப்பற் படையிற் சேர்ந்து, உணவு பரிமாறும் பணியாளராக மூன்று முறை கடல் கடந்தார். 1944இல் மூன்றாம் பயணம். ஏறக்குறைய 3000 வீரரைச் சுமந்த கப்பல் பிரான்சு நாட்டின் நார்மண்டிக் கரையை நோக்கிச் சென்றது. பகைவரின் நீர்மூழ்கிக் கப்பல்கள் சூழ்ந்திருந்தன. அவற்றைத் தாக்கும் வெடிகளின் அதிர்ச்சியால் கப்பலின் இரும்புச் சுவர்கள் நடுங்கின. அடித்தளத்தில் அடைபட்டிருந்த இளைஞர்கள் அச்சத்தால் உறைந்திருந்தனர். உட்டி தம் தோழர் இருவருடன் இசைக்கருவிகளை ஏந்தி, எவரும் அழைக்காமலே கீழே இறங்கிப் பாடத் தொடங்கினார். உறைந்திருந்தவர் மெல்ல மெல்ல வாய் திறந்து உடன் பாடினர்.

அப்பொழுது சுவருக்கு அப்பாலிருந்து வேறொரு பாட்டொலி கேட்டது. படையில் கறுப்பின வீரரைப் பிரித்து வைக்கும் முறை அந்நாளில் இருந்தது. 1948இலேயே அதனை ஒழிக்கும் ஆணை பிறந்தது. உட்டி அங்குச் சென்று அவர்களுடன் பாடினார். தம்மைத் திரும்ப அழைத்தவரிடம், இவர்களையும் உடன் அழைத்தாலன்றித் தாம் பாடப் போவதில்லை என்று மறுத்தார். இறுதியில் விதி தளர்ந்தது. வெடியோசைக்கு நடுவே இரு நிறத்தாரும் ஓரிடத்தில் அமர்ந்து பாடினர். உடன் சென்ற தோழர் தாம் எழுதிய நூலில் இதனைக் குறித்துள்ளார். வீரர்களைக் கரையில் இறக்கிய பின்னர் அக்கப்பல் தாக்குண்டது, ஆயினும் மூழ்கவில்லை.

உட்டியைக் குறையற்றவர் என்று கூறுதல் பொருந்தாது. ஊர்சுற்றும் வேட்கையால் மனைவியையும் மக்களையும் வறுமையில் விட்டுச் சென்ற காலங்கள் பல. இதனை அவர் பாடல்களின் இனிமையால் மறைத்துவிட இயலாது. 1947இல் நான்கு வயது மகள் தீயினால் இறந்தாள். தமக்கையின் கதையே மீண்டும் நிகழ்ந்தது. அதன்பின் அவர் நடையிலும் பேச்சிலும் தடுமாற்றம் தோன்றியது. குடிவெறி என்றே பலரும் கருதினர். 1952இல் மருத்துவர்கள் உண்மையைக் கண்டனர். அன்னையைக் கொன்ற நோயே அது. ஹண்டிங்டன் நோய் எனப்படும். பெற்றோருள் ஒருவருக்கு இருப்பின், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வருவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு.

ஏறத்தாழ 3000 பாடல்களுக்குச் சொல் அமைத்த கை, கிதாரைப் பற்றும் ஆற்றலை இழந்தது. 1956 முதல் மருத்துவமனைகளே அவருக்கு இல்லமாயின. சில காலம் ஞாயிறுதோறும் அன்புடைய தம்பதியர் அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் செல்வர். இளம்பாடகர்கள் ஆங்கு வந்து அவருடைய பாடல்களை அவருக்கே பாடிக் காட்டினர். 1961ஆம் ஆண்டு ஜனவரியில், பத்தொன்பது வயதினரான பாப் டிலன் அவரைக் காணவே நெடுந்தொலைவு வந்தார். பிற்காலத்தில், 2016இல், இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் இவரே. அவ்வாண்டு வசந்தத்தில், நியூயார்க் நகரின் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் ஞாயிறுதோறும் கூடிப் பாடிவந்த இளைஞர்களுக்கு நகராட்சி இசைவு மறுத்தது. ஏப்ரல் 9ஆம் நாள் அவர்கள் கிதார்களுடன் திரண்டு, காவலர் முன்னிலையிலேயே பாடினர், சிலர் சிறைப்பட்டனர். சில திங்களில் தடை நீங்கியது.

1967ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 3ஆம் நாள், 55ஆம் வயதில் உட்டி கத்ரி காலமானார். குடும்பத்தார் அவருடைய சாம்பலைக் கோனித் தீவின் கடற்கரைக்கு எடுத்துச் சென்று அலைகளில் விட்டனர். அக்கரையை அடுத்த தெருவில்தான், இறந்துபோன மகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் குழந்தைப் பாடல்களைப் புனைந்திருந்தார்.