ஒரு கிண்ணக் கஞ்சியும் ஒரு புனிதரும்

புனிதர் என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் மனக்கண்முன் தோன்றுவது என்ன? பீடத்தின்மேல் நிற்கும் சுரூபம், தலையைச் சுற்றிய ஒளிவட்டம், கையிலே ஒரு சிலுவை அல்லது லீலி மலர் – இவைதாமே? அவர்கள் இருக்கும் இடத்துக்கும் நாம் இருக்கும் இடத்துக்கும் வெகுதூரம் என்று எண்ணிக்கொள்கிறோம். விடியுமுன் கடலுக்குப் போகிறவருக்கும், வயல் வரம்பிலே நாளைக் கழிக்கிறவருக்கும், அடுப்படியில் புகையோடு போராடுகிற தாய்க்கும் புனிதம் எட்டாக்கனி என்பது நம்மிற் பலருடைய எண்ணம். அது சுவாமிமாருக்கும் கன்னியர்களுக்கும் உரிய காரியம்; ஞாயிறு பூசையைத் தவறவிடாமல் இருந்தால் நமக்கு அதுவே போதும் என்று ஒதுங்கிக்கொள்கிறோம்.

திருச்சபையின் போதனை அதுவன்று. 1964ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கை ஏட்டில், ஓர் அதிகாரம் முழுவதும் இந்த ஒரே உண்மைக்கென ஒதுக்கப்பட்டது. திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும், எந்த நிலையில் எந்தத் தொழிலைச் செய்பவராயினும், புனிதத்துக்கே அழைக்கப்பட்டிருக்கிறார் என்பதே அவ்வுண்மை. 2018இல் பாப்பரசர் பிரான்சிஸ் எழுதிய அப்போஸ்தலிக்க ஊக்கவுரையும், நம் அடுத்த வீட்டிலே வாழும் புனிதர்களைக் கண்திறந்து பார்க்கும்படி நமக்கு நினைவூட்டிற்று.

இது ஏட்டிலே மட்டும் உள்ள போதனையா? நம் நாட்டு மண்ணிலே வெறுங்காலுடன் நடந்த ஒருவரின் வாழ்க்கையை இன்று உங்களோடு சேர்ந்து திரும்பிப் பார்க்க விரும்புகிறேன். அவர்தான் இலங்கையின் அப்போஸ்தலரான புனித யோசேவ் வாஸ் அடிகளார்.

கோவாவிலிருந்து ஒரு கூலியாள்

1651ஆம் ஆண்டு சித்திரை 21ஆம் நாள், கோவாவிலுள்ள பெனோலிம் என்ற ஊரிலே, கொங்கணிப் பிராமண மரபைச் சேர்ந்த பக்தியுள்ள கத்தோலிக்கக் குடும்பத்தில் அவர் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் மூன்றாமவர். 1676இல் குருப்பட்டம் பெற்றார். பின்னர் கன்னட நாட்டிலே சில ஆண்டுகள் மறைப்பணி புரிந்தார். 1685இல் கோவாவில், புனித பிலிப்பு நேரியின் ஒழுங்கைப் பின்பற்றிய ஓரட்டோரியன் சபையின் தலைவரானார்.

அந்நாளில் நம் நாட்டுக் கத்தோலிக்கரின் நிலை என்ன? 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். குருக்கள் யாவரும் வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்கக் குருவுக்குத் தங்க இடம் கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று அவ்வாண்டிலேயே சட்டம் பிறந்தது. கோவில்கள் பறிபோயின. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, மரணப்படுக்கையில் நோயில்பூசுதல் இல்லை.

இச்செய்தி கேட்ட யோசேவ் வாஸ் அடிகளாரால் அமைதியாய் இருக்க முடியவில்லை. தலைமைப் பொறுப்பைத் துறந்து 1686இல் கோவாவை விட்டுப் புறப்பட்டார். குருவின் அங்கியோடு வந்தால் கரையிலேயே பிடிபடுவார். ஆகவே தூத்துக்குடியிலிருந்து கூலியாள் கோலத்திலே, யோவான் என்னும் தம் உதவியாளுடன் கப்பலேறினார். உயர்குலத்திற் பிறந்தவர், கற்றறிந்தவர், ஒரு சபையின் தலைவர். இடுப்பிலே ஒரு துண்டுடன் கூலிகளோடு கூலியாக உட்கார்ந்தார். வேடம் மற்றவர்களுக்குத்தான், அவருக்கோ அதுவே வாழ்க்கையாயிற்று.

பெயர் தெரியாத அந்தப் பெண்

1687இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது, பயணத்தின் கொடுமையால் அவரைக் கடும் வயிற்றுளைவு பிடித்துக்கொண்டது. அறிந்தவர் இல்லை, உறவினர் இல்லை, கையிலே காசும் இல்லை. எழுந்து நடக்கவும் வலுவின்றிக் கிடந்த அவருக்கு, இரக்கமுள்ள ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து உயிர் காத்தாள் என்று அவருடைய சரித்திரத்தை எழுதியோர் கூறுகின்றனர்.

வாசகரே, இங்கே சற்று நில்லுங்கள். அந்தப் பெண்ணின் பெயரை எந்த ஏடும் எழுதிவைக்கவில்லை. தான் கஞ்சி வார்ப்பது ஒரு குருவுக்கு என்பதும், வருங்காலப் புனிதர் ஒருவருக்கு என்பதும் அவளுக்குத் தெரியாது. அவள் கண்டது பசியோடும் நோயோடும் கிடந்த ஒரு பரதேசியை மட்டுமே. வீட்டுக்கு வடித்த கஞ்சியில் ஒரு கிண்ணத்தை அவனுக்கும் கொண்டுபோனாள். அந்தக் கிண்ணம் வராமல் இருந்திருந்தால், இலங்கைத் திருச்சபையின் வரலாறு வேறாகவும் இருந்திருக்கலாம். இத்தனை பெரிய காரியம் ஓர் ஏழை அடுப்படியிலே தொடங்கியது.

பூட்டிய கதவுகளுக்குள்ளே

உடல் தேறியதும் அடிகளார் செபமாலையைக் கழுத்திலே போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். பிச்சை அவருடைய நோக்கமன்று. செபமாலையைக் கண்டதும் யாருடைய முகம் மாறுகிறது என்று கவனித்தார். இப்படித்தான் மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை ஒவ்வொருவராக இனங்கண்டார்.

குரு ஒருவரும் இல்லாமல் ஏறக்குறைய 29 ஆண்டுகள் கடந்திருந்தன. அப்படியிருக்க, அந்தச் செபமாலையை அடையாளம் கண்டவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது யார்? 1658க்குப் பின் பிறந்தவர்கள் ஒரு குருவின் முகத்தையே கண்டதில்லை. தாயும் தகப்பனும், பாட்டனும் பாட்டியும் கதவைப் பூட்டிவிட்டு மெல்லிய குரலிலே சொல்லிக்கொடுத்த செபங்களே விசுவாசத்தை உயிரோடு வைத்திருந்தன. அடிகளார் அணைந்துபோன சாம்பலை ஊதவில்லை. வீட்டு அடுப்புகளிலே மூடிவைக்கப்பட்டிருந்த தணலைத்தான் ஊதினார். அவர் புனிதர் என்பதில் ஐயமில்லை. ஆனால் தணலைக் காத்தவர்களை நாம் மறந்துவிடலாகாது.

பின்னர் சில்லாலையைத் தம் நிலையமாக்கிக்கொண்டு இரவிலே ஊரூராகச் சென்றார். விடியுமுன் பூசை ஒப்புக்கொடுத்தார், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், திருமணங்களை ஆசீர்வதித்தார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவிலே ஒல்லாந்தப் படையினர் யாழ்ப்பாணத்தில் வீடுகளுள் புகுந்து, பூசைக்குக் கூடியிருந்த ஏறக்குறைய 300 பேரைச் சிறைப்பிடித்தனர். அடிகளார் அகப்படவில்லை. கல்வீனிய மதத்திலிருந்து கத்தோலிக்கரான தொன் பேதுரு என்பவர் அடியுண்டு இறந்தார். மேலும் எழுவர் வதைக்கப்பட்டுக் கடின வேலைக்குத் தள்ளப்பட்டனர். இவர்கள் குருக்களோ துறவிகளோ அல்லர், குடும்பஸ்தர்கள்.

நோயாளியின் படுக்கையருகே

யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கிப் புத்தளத்திற் பணி செய்த அடிகளார், 1692இல் கண்டி இராச்சியத்துட் புகுந்தார். போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று குற்றஞ்சாட்டப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார். காவலில் இருந்தபடியே சிங்களம் கற்றார். அவருடைய நடத்தையைக் கண்ட இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன், பௌத்தனாயினும், நாளடைவில் அவர்மீது மதிப்புக் கொண்டு பணி செய்ய இடமளித்தான்.

1697இல் கண்டியிலே வைசூரி பரவியது. பயத்தினால் மக்கள் தம் வீட்டு நோயாளிகளையே காட்டிலே விட்டு ஓடினர். அடிகளாரும் அவருடைய மருமகனான யோசேப் கர்வாலியோ அடிகளாரும் அந்நோயாளிகளைத் தேடிச் சென்றனர். கொட்டில்கள் அமைத்தனர்; உணவு கொடுத்தனர்; புண்களைக் கழுவினர்; இறந்தவர்களுக்குத் தாமே குழிதோண்டி அடக்கம் செய்தனர். கத்தோலிக்கர், பௌத்தர் என்று அவர்கள் வேற்றுமை பார்க்கவில்லை.

பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பரதேசியாய்க் கிடந்து கஞ்சி வாங்கிக் குடித்தவர், இப்போது மற்றவர்களுக்குக் கஞ்சி ஊட்டினார். யாழ்ப்பாணத்தில் அந்தப் பெண் கற்பித்த பாடத்தைக் கண்டியிலே அவர் ஒப்புவித்தார் என்று நான் எண்ணுவதுண்டு.

ஆயர் பதவி அவரைத் தேடி வந்தபோது அதை ஏற்க மறுத்தார். கோவாவிலிருந்து வந்த துணைக் குருக்கள் சிலரே, ஊர்களோ பல. குரு இல்லாத ஊர்களிலே மூப்பர், அண்ணாவிமார் பொறுப்பாய் இருந்து செபம் நடத்தினர். சிறுவருக்கு ஞானோபதேசம் படிப்பித்தனர். சாகக் கிடந்தவர்களுக்கு அருகிலிருந்து செபஞ்சொல்லினர். கமம் செய்தவர்களும் கடற்றொழில் செய்தவர்களுமே அவர்கள். அன்று குரு நட்டுவைத்ததற்குத் தண்ணீர் ஊற்றியவர்கள் பொதுநிலையினரே.

1711ஆம் ஆண்டு தை 16ஆம் நாள், 59ஆம் வயதிலே, கண்டியில் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். அவருடைய கல்லறை இருந்த இடம் இன்று எவருக்கும் தெரியாது. 1995இல் கொழும்பில் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். 2015 தை 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். அன்று பிற்பகலே பாப்பரசர் நம் மருதமடு அன்னையின் திருப்பதிக்கு வந்தார். காலையிலே புனிதரை உயர்த்திய கரங்கள், மாலையிலே போரினால் நொந்த நம் மக்களை ஆசீர்வதித்தன.

வன்னியிலே வாழும் நமக்கு

வாசகரே, இந்த வரலாறு நமக்கு அந்நியமானதன்று. ஒல்லாந்தர் காலத்திலே மாந்தைக் கத்தோலிக்கர் மாதாவின் சுரூபத்தைச் சுமந்துகொண்டு மடுக் காட்டினுள் ஒதுங்கினர் என்பது நம் முன்னோர் வழிவந்த செய்தி. 2008 சித்திரையிலே அதே சுரூபம் மீண்டும் மடுவை விட்டு இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குச் செல்ல வேண்டியதாயிற்று. 2009இல் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெறிச்சோடின. கோவிலைப் பூட்டிவிட்டு வந்தவர்கள் பதுங்குகுழியிலே செபமாலை சொன்னார்கள். முள்ளிவாய்க்காலிலே கஞ்சிக்கு வரிசையில் நின்றார்கள். தமக்குக் கிடைத்த கிண்ணத்தை அயல் தறப்பாளில் கிடந்த பிள்ளைக்குக் கொடுத்த தாய்மாரும் அங்கே இருந்தார்கள். அவர்களுடைய பெயரையும் எந்த ஏடும் எழுதிவைக்கவில்லை. செட்டிகுளத்து முகாம்களிலே கூடாரமே கோவிலாயிற்று.

இன்றோ கோவில்கள் திரும்பவும் எழுந்திருக்கின்றன. கோபுரம் உயர்ந்திருக்கிறது, மணி ஒலிக்கிறது, திருவிழா சிறப்பாய் நடக்கிறது. ஆனால் மாலை ஏழு மணிக்கு நம் வீடுகளில் நடப்பது என்ன? தகப்பன் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒவ்வொருவரும் கைத்தொலைபேசியோடு ஒவ்வொரு மூலையில். செபமாலை சுவரிலே தொங்குகிறது. கோவில் இல்லாதபோது நம் வீடுகள் கோவிலாயிருந்தன. கோவில் கிடைத்தபின் வீட்டைக் கோவிலாயிருக்க விடாமற் செய்துவிட்டோமா? இக்கேள்வியை உங்களிடம் கேட்குமுன் என்னிடமே கேட்டுப்பார்த்தேன். பீடத்தை அழகுபடுத்துவதற்குச் செலவிட்ட நேரத்தில் எவ்வளவை வீடுகளைச் சந்திப்பதற்குச் செலவிட்டோம் என்று குருக்களாகிய நாங்களும் கணக்குக் கொடுக்க வேண்டியவர்களே.

புனிதம் வீட்டு வாசலிலே தொடங்குகிறது. நெல்லை நிறுக்கும்போது தராசிலே கள்ளம் செய்யாதவர் புனிதத்தின் பாதையில் நடக்கிறார். அன்றைய கூலியைக் கசிப்புக்குக் கொடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுவருகிறவர் அன்று ஒரு பெரிய சோதனையை வென்றிருக்கிறார். எல்லை வேலிச் சண்டையால் பல ஆண்டு பேசாதிருக்கும் சகோதரனின் படலையைத் திறந்து உள்ளே போகிறவர் திருயாத்திரை ஒன்று செய்கிறார். நுண்கடன் கட்ட வழியின்றிக் கலங்கும் அயலாளைப் பழித்துப் பேசாமல், பக்கத்திலே உட்கார்ந்து வழி தேடுகிறவர் அந்தக் கஞ்சிக் கிண்ணத்தையே சுமந்து செல்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புனிதம் என்றால் அநீதிக்குத் தலைகுனிந்து மௌனமாயிருப்பது என்று எவரும் எண்ண வேண்டாம். யோசேவ் வாஸ் அடிகளார் அநீதியான சட்டத்துக்கு அடங்கிப்போகவில்லை. அதை மீறி மக்களிடம் வந்தார். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை ஏந்தித் தெருவோரத்திலே அமர்ந்திருக்கும் தாய், தன் தாய்மைக் கடமையைச் செய்கிறாள். அவளுக்குப் பொறுமையை உபதேசிப்பது எளிது; அவளுக்குப் பக்கத்திலே போய் உட்காருவதே நம் கடமை.

ஆகவே, அன்பார்ந்த வாசகர்களே, பெரிய காரியங்களைத் தேடி அலைய வேண்டாம். இன்று மாலை கைத்தொலைபேசிகளை ஒரு தட்டிலே வைத்துவிட்டு, வீட்டார் அனைவரும் கூடி, செபமாலையில் ஒரு பத்துமணியையாவது சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இந்தப் புனிதரின் கதையைச் சொல்லுங்கள். கஞ்சி கொடுத்த பெண்ணையும் மறவாமற் சொல்லுங்கள். பின்பு, உங்கள் ஒழுங்கையிலே யாருடைய அடுப்பு இன்று எரியவில்லை என்று விசாரித்துப் பாருங்கள். அங்கே ஒரு கிண்ணம் போய்ச் சேரட்டும்.

இலங்கையின் அப்போஸ்தலரான புனித யோசேவ் வாஸ் அடிகளார் நம் குடும்பங்களுக்காக மன்றாடுவாராக. மருதமடு அன்னை நம் எல்லோரையும் காப்பாளாக.