எடிசன் வைத்த பரீட்சை!

குட்டீஸ்... ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக் கொண்டீர்களா? கதைக்குப் போகும் முன் ஒரு குட்டிப் பரீட்சை. பயப்படாதீர்கள், மார்க் போடப் போவதில்லை!

ஆஸ்திரேலியாவைத் தவிர வேறு எங்கே கங்காரு வாழ்கிறது? ஆஸ்திரேலியா பெரியதா, கிரீன்லாந்து பெரியதா? மலேரியாவைப் பரப்பும் பூச்சி எது? பருவக்காற்று என்றால் என்ன? ஒலியின் வேகம் எவ்வளவு? கடைசியாக ஒரு கஷ்டமான கேள்வி... 30 அடி நீளம், 20 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஓர் அறையில் இருக்கும் காற்றின் எடை என்ன?

விழிக்கிறீர்களா? கவலை வேண்டாம். 1921ம் ஆண்டு, அமெரிக்காவில் கல்லூரிப் படிப்பை முடித்து, கோட்டும் டையும் அணிந்து வேலை தேடி வந்த பெரிய பெரிய அண்ணன்களும் இதே கேள்விகளைப் பார்த்து இப்படித்தான் விழித்தனர். கேள்வித்தாளைத் தயாரித்தவர் ஒரு 74 வயதுத் தாத்தா. அவர் பள்ளிக்கூடம் போனதோ சில மாதங்கள்தான்!

அவர் பெயர் தாமஸ் ஆல்வா எடிசன்.

மின்விளக்கு, கிராமபோன் என்று எடிசனைப் பற்றி உங்கள் பாடப் புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள். ஆனால், அவர் வைத்த இந்தப் பரீட்சை ஒரு காலத்தில் அமெரிக்கா முழுவதும் பெரிய சண்டையைக் கிளப்பியது. அந்தக் கதை பலருக்குத் தெரியாது.

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், மிலன் என்ற சிற்றூரில் 1847ம் ஆண்டு பிப்ரவரி 11ம் தேதி பிறந்தார் எடிசன். வீட்டில் ஏழாவது குழந்தை. அவருக்கு ஏழு வயதானபோது, குடும்பம் மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹ்யூரன் ஊருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளியில் சேர்த்தனர். சும்மா கேள்வி கேட்டுக் கொண்டே இருந்த பையனை ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை. மூளை குழம்பியவன் என்று சொல்லி விட்டார். மகன் அழுது கொண்டே வந்து சொன்னதும் அம்மா நான்சிக்கு வந்ததே கோபம்! அவரும் முன்பு ஆசிரியையாக இருந்தவர்தான். மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார்.

பன்னிரண்டு வயதில் ரயிலில் பேப்பரும் மிட்டாயும் விற்கும் வேலை கிடைத்தது. காலையில் போர்ட் ஹ்யூரனில் கிளம்பும் ரயில், டெட்ராய்ட் நகரத்தை அடைந்து, மாலையில்தான் திரும்பும். இடையில் பல மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். மற்ற பையன்களாக இருந்தால் ஊர் சுற்றியிருப்பார்கள். எடிசன் நூலகத்துக்குப் போய் உட்கார்ந்து கொண்டார். பிடித்த புத்தகத்தை மட்டும் தேடி எடுக்காமல், அலமாரித் தட்டில் இருந்ததை வரிசையாக ஒவ்வொன்றாகப் படித்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். கொஞ்சம் மிகைப்படுத்திச் சொன்னாரோ என்னவோ! ஆனால், எது கிடைத்தாலும் படிக்கும் பழக்கம் அவரிடம் கடைசி வரை இருந்தது உண்மை.

ஒரு செய்தியை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் என்ன லாபம் என்பதும் அந்த ரயிலில்தான் அவருக்குப் புரிந்தது. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்து கொண்டிருந்த நேரம். 1862ம் ஆண்டு ஏப்ரலில், ஷைலோ என்ற இடத்தில் பயங்கரச் சண்டை நடந்தது. டெட்ராய்ட் பத்திரிகை அலுவலகத்தில் செய்தியைப் பார்த்தார், 15 வயது எடிசன். உடனே தந்தி அலுவலகத்துக்கு ஓடினார். வழியில் இருக்கும் ஸ்டேஷன்களுக்கெல்லாம் போர்ச் செய்தியைத் தந்தியில் அனுப்பி, அங்குள்ள பலகைகளில் எழுதி வைக்க ஏற்பாடு செய்தார். பிறகு, பத்திரிகை ஆசிரியரிடம் போய், கடனுக்கு 1,000 பிரதிகள் வாங்கினார். ரயில் போய் நின்ற இடமெல்லாம் கூட்டம் முண்டியடித்தது. எடிசன் சும்மா இருப்பாரா? ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் விலையை ஏற்றிக் கொண்டே போய், அத்தனையையும் விற்று விட்டார். சரியான ஆள்தான்!

அதே ஆண்டில், தண்டவாளத்தில் விளையாடிக் கொண்டிருந்த ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் சின்ன மகனை, உருண்டு வந்த ரயில் பெட்டியிடமிருந்து காப்பாற்றினார். நன்றிக் கடனாக அந்தத் தந்தை, எடிசனுக்குத் தந்தி அடிக்கக் கற்றுக் கொடுத்தார். காது சரியாகக் கேட்காத எடிசன், 'கட்... கடகட...' என்ற தந்திச் சத்தத்தை மட்டும் நன்றாகப் பிடித்துக் கொண்டார். தந்தி மீது அவருக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? தன் முதல் இரு குழந்தைகளுக்கும் புள்ளி, கோடு என்று பொருள்படும் டாட், டேஷ் என்ற செல்லப் பெயர்களை வைத்தார். தந்தி மொழியில் எழுத்துகள் புள்ளியும் கோடுமாகத்தானே இருக்கும்!

அதன் பின் நடந்தவை உங்களுக்குத் தெரிந்தவைதான். 1869ம் ஆண்டு, ஓட்டு எண்ணும் கருவிக்கு முதல் காப்புரிமை வாங்கினார். யாருமே அதை வாங்கவில்லை! 1876ல் மென்லோ பார்க் என்ற இடத்தில் ஆய்வுக்கூடம் அமைத்தார். 1877ல் ஒலியைப் பதிவு செய்து திரும்பப் பேச வைத்தார். 1879ல் நீண்ட நேரம் எரியும் மின்விளக்கு. 1882ல் நியூயார்க்கில் மின் நிலையம். அமெரிக்காவில் மட்டும் அவர் பெற்ற காப்புரிமைகள் 1,093. ஒன்றை மறக்கக் கூடாது... மின்விளக்கை முயன்று பார்த்தவர்களில் எடிசன் முதல் ஆள் இல்லை. இங்கிலாந்தின் ஜோசப் ஸ்வான் உட்பட பலர் அவருக்கு முன்பே அதில் இறங்கியிருந்தனர். எடிசனும் தனியாகச் செய்யவில்லை. அவருடன் திறமையான ஒரு பெரிய குழுவே இரவு பகலாக உழைத்தது.

இந்த விளக்குக் கதையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். விளக்கின் உள்ளே எரியும் மெல்லிய இழையை எதில் செய்வது என்று தேடினர். கரியாக்கிய பருத்தி நூல் அரை நாளுக்கு மேல் எரிந்தது. அது போதாதே! ஆயிரக்கணக்கான தாவர நார்களைச் சோதித்தனர். கடைசியில் கைகொடுத்தது எது தெரியுமா? மூங்கில்! அதுவும், ஜப்பான் நாட்டு மூங்கில். அதில் செய்த இழை 1,200 மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. எந்த நாட்டில் என்ன செடி வளரும் என்ற தகவல், மின்விளக்கு செய்பவருக்கு எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சரி, பரீட்சைக்கு வருவோம்.

முதல் உலகப் போர் முடிந்த பின், எடிசனின் கம்பெனிகளில் பொறுப்பான பதவிகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். பட்டம் பெற்ற இளைஞர்கள் வரிசையில் வந்தனர். பேசிப் பார்த்த எடிசனுக்கு ஏமாற்றம். உலகத்தைப் பற்றி இவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்று எண்ணினார். கிட்டத்தட்ட 150 கேள்விகளை அவரே எழுதினார். வோல்கா நதி எங்கே ஓடுகிறது, நெப்போலியன் எங்கே பிறந்தார், கண்ணாடி எதிலிருந்து செய்யப்படுகிறது, ரப்பர் எங்கிருந்து வருகிறது, லாகரிதம் கண்டுபிடித்தவர் யார், கடலில் அலை ஏற்ற இறக்கம் எதனால் வருகிறது... இப்படிப் போயின கேள்விகள். பூகோளம், சரித்திரம், வேதியியல், வியாபாரம் எல்லாம் கலந்த கதம்பம்!

எழுதியவர்கள் 700 பேருக்கு மேல். பத்தில் ஒருவர் கூடத் தேறவில்லை.

தோற்றுப் போன ஒருவர், நினைவில் இருந்த கேள்விகளை எழுதிப் பத்திரிகைக்குக் கொடுத்து விட்டார். 1921 மே மாதம் அவை அச்சில் வந்ததும், ஊரெல்லாம் அதே பேச்சு. நிருபர்கள் பேராசிரியர்களையும் மாணவர்களையும் மடக்கிக் கேள்வி கேட்டனர். எடிசனின் கடைசி மகன் தியோடர் அப்போது எம்.ஐ.டி.,யில் படித்துக் கொண்டிருந்தார். அவரையும் விடவில்லை. பாவம், அவரும் பல கேள்விகளில் கோட்டை விட்டார்!

அந்தச் சமயத்தில் அமெரிக்காவுக்கு வந்திருந்தார் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன். போஸ்டன் நகரில் அவரிடம் ஒலியின் வேகம் என்ன என்று கேட்டனர். உலகமே கொண்டாடிய அந்த விஞ்ஞானி, உடனே சொல்லத் தெரியாது என்று கூறி விட்டார். புத்தகத்தைப் புரட்டினால் கிடைக்கும் எண்களைத் தலையில் சுமந்து கொண்டு திரிவதில்லை என்றும், கல்வியின் வேலை மனத்தைச் சிந்திக்கப் பழக்குவதுதான் என்றும் விளக்கினார். எடிசன் பரீட்சையில் ஐன்ஸ்டீன் பெயில் என்று செய்தி பறந்தது!

எடிசன் அசரவில்லை. பதில் தெரியாத ஒருவரை அவர் முட்டாள் என்று சொல்லவில்லை. நிர்வாகியாக வருபவருக்கு நினைவாற்றல் வேண்டும். முடிவெடுக்கும் நேரத்தில் புத்தகத்தைத் தேடிக் கொண்டிருக்க முடியாது. மறதியால் கம்பெனிக்கு நஷ்டம் வரும் என்பது அவர் வாதம். கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் மனத்தில் வாங்கிக் கொள்ளும் ஆர்வம் ஒருவரிடம் இருக்கிறதா என்று பார்க்கவே இந்தக் கேள்விகள் என்றார். வெளியான கேள்விகளைத் தூக்கிப் போட்டு விட்டுப் புதிய கேள்விகளை எழுதினார்.

யார் சொன்னது சரி? எனக்கென்னவோ, ஐன்ஸ்டீன் பக்கம்தான் நியாயம் அதிகம் என்று தோன்றுகிறது. ஐன்ஸ்டீனையே வெளியே நிறுத்தி விடும் பரீட்சை எப்படி நல்ல பரீட்சை ஆகும்? ஆனால், மூங்கில் கதையை நினைத்தால் எடிசன் சொன்னதையும் ஒதுக்க முடியவில்லை. உங்கள் வீட்டில் இதைக் கேட்டுப் பாருங்கள். அப்பா ஒரு பக்கமும், அம்மா ஒரு பக்கமும் பேசுவார்கள்.

ரப்பர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாரே... அந்தக் கேள்வி எடிசனையே துரத்தியது. அமெரிக்காவுக்குத் தேவையான ரப்பர், தொலைதூர ஆசிய நாடுகளிலிருந்து கப்பலில் வர வேண்டியிருந்தது. போர் வந்து கப்பல் நின்று போனால் என்ன செய்வது? 1927ல், 80 வயதில், ரப்பர் தரும் உள்நாட்டுச் செடியைத் தேடும் ஆராய்ச்சியைத் தொடங்கினார். நண்பர்கள் ஹென்றி போர்டும், டயர் கம்பெனி நடத்திய பயர்ஸ்டோனும் உதவினர். சுமார் 17,000 தாவர மாதிரிகளைச் சோதித்து, கோல்டன்ராட் என்ற மஞ்சள் பூச்செடியைத் தேர்ந்தெடுத்தார். ரப்பரும் கிடைத்தது. ஆனால், வியாபாரத்துக்கு அது கட்டுப்படியாகவில்லை.

பரீட்சை ஆசை மட்டும் விடவில்லை! 1929ல், அமெரிக்காவின் ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் தலைநகரிலிருந்தும் ஒருவர் வீதம் 49 மாணவர்களைத் தம் ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்தார். ஜெயிப்பவருக்கு எம்.ஐ.டி.,யில் படிக்க உதவித்தொகை. மறு ஆண்டும் போட்டி நடந்தது. இந்தப் போட்டிகளில் கணக்கு, இயற்பியல், வேதியியல் கேள்விகளோடு வேறு மாதிரிக் கேள்விகளும் இருந்தன. எந்தச் சூழ்நிலையில் பொய் சொல்லலாம், பத்து லட்சம் டாலர் கிடைத்தால் என்ன செய்வாய் என்றெல்லாம் கேட்டார். இவற்றுக்கு எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் பதில் கிடைக்காது. ஐன்ஸ்டீன் சொன்னது தாத்தாவின் காதில் விழுந்து விட்டதோ!

முதல் ஆண்டு வென்றவர், சியாட்டில் நகரத்தைச் சேர்ந்த 16 வயது வில்பர் ஹஸ்டன். பிற்காலத்தில் அவர் நாசாவில், வானிலையை ஆராயும் செயற்கைக்கோள் திட்டத்தில் பணியாற்றினார்.

1931 அக்டோபர் 18ம் தேதி எடிசன் காலமானார். மூன்று நாள் கழித்து, இரவு 10:00 மணிக்கு, அதிபர் ஹூவரின் வேண்டுகோளை ஏற்று அமெரிக்க மக்கள் விளக்குகளைச் சற்று நேரம் அணைத்து அஞ்சலி செலுத்தினர்.

அட, பதில்களைச் சொல்லாமல் விட்டால் விடுவீர்களா? கங்காரு, நியூ கினி தீவிலும் உண்டு. அங்கே மரம் ஏறும் கங்காருகூட இருக்கிறது! இதில் நானும் தோற்றேன் குட்டீஸ். உலக வரைபடத்தில் கிரீன்லாந்து பிரமாண்டமாகத் தெரியும். அது ஏமாற்று வேலை. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் வரையும்போது, துருவத்துக்கு அருகே உள்ள இடங்கள் இழுபட்டுப் பெரிதாகி விடும். உண்மையில் ஆஸ்திரேலியா, கிரீன்லாந்தைப் போல் மூன்றரை மடங்கு பெரியது. மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் பெண் கொசு. இதற்கான ஆதாரத்தை ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தது நம் நாட்டின் செகந்திராபாத்தில், 1897ல். பருவக்காற்று நமக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி: பருவத்துக்கு ஏற்பத் திசை மாறி வீசி, மழை கொண்டு வரும் காற்று. ஒலி, காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் போகும்.

அறைக் காற்றின் எடை? அந்த அறையின் கொள்ளளவு 6,000 கன அடி. அதாவது, சுமார் 170 கன மீட்டர். ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிலோ. ஆக, 200 கிலோவுக்கு மேல்... எட்டு அரிசி மூட்டை, ஒவ்வொன்றும் 25 கிலோ! கணக்கு டீச்சரிடம் மீட்டர் அளவுகோல் வாங்கி, நாளைக்கு உங்கள் வகுப்பறையை அளந்து பாருங்கள். எத்தனை மூட்டை வருகிறது?