பெரியாறு தந்த பெருந்தகை

காஞ்சி மாநகரைத் தன்னகத்தே கொண்ட தொண்டைநாடு ஏரிகள் மலிந்த நாடு. தென்னேரி, உத்திரமேரூர் முதலிய ஊர்களின் ஏரிக்கரைகள் உச்சியில் ஒடுங்கியும் அடியில் அகன்றும் அமைந்திருக்கும். ஆழம் மிகுந்தோறும் நீரின் அழுத்தமும் மிகும் என்பதே அதற்குக் காரணமாகும். நூறு அடி ஆழத்தில் ஒவ்வொரு சதுர அடிப் பரப்பின்மீதும் ஏறத்தாழ 2,800 கிலோகிராம் எடை அழுத்தும். நம் முன்னோர் பட்டறிவால் அறிந்திருந்த இவ்வுண்மையைக் கணக்கிட்டு, மலையிடை ஓர் ஆற்றையே தடுத்து நிறுத்தியவர் கர்னல் ஜான் பென்னிகுவிக் ஆவார்.

இவர் 1841ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். இங்கிலாந்தில் பயின்று, சென்னை மாகாணத்தில் பொறியாளராகப் பணியாற்றினார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில் எண்ணற்றோர் மாண்டனர். வைகைநிலம் நீரின்றி வறண்டு கிடக்க, மலைக்கு அப்பால் பெரியாறு பெருகி மேலைக்கடலில் கலந்தது. அந்நீரைக் கிழக்கே திருப்பும் அரும்பணி பென்னிகுவிக்கிடம் ஒப்படைக்கப்பெற்றது.

1887ஆம் ஆண்டு வேலை தொடங்கிற்று. அடர்ந்த காடும் ஓயாத மழையும் கொடிய காய்ச்சலும் எதிர்நின்றன. தொழிலாளர் பலர் நோய்க்கு இரையாயினர். தற்காலிகமாக எழுப்பிய தடுப்புகளை வெள்ளம் பன்முறை அடித்துச் சென்றது. எனினும் அவர் உள்ளம் தளர்ந்திலர்.

கல்லும், சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த காரையும் கொண்டு எழுந்த அவ்வணையின் நீளம் 1,200 அடி. அடித்தளத்திலிருந்து உயரம் 176 அடி. உச்சியில் 12 அடியே உள்ள அகலம் அடியில் 138 அடியாக விரிகின்றது. நீர் எத்துணை வலிந்து தள்ளினும் அணை தன் எடையாலேயே அதனைத் தாங்கி நிற்கும். அன்றியும், எடை அகன்ற பரப்பில் படியுமாயின் அழுத்தம் குறையும். கூரிய ஆணி எளிதில் மரத்துள் இறங்குவதும், அகன்ற பலகை அவ்வாறு இறங்காமையும் இதனாலேயாம். ஆதலின் அணையின் அளவிறந்த எடையை அடிப்பாறை தாங்குகின்றது.

1895ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அணை திறக்கப்பெற்றது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பெரியாற்றுநீர் வைகைநிலம் புகுந்தது. வறண்ட வயல்கள் பசுமை பூண்டன.

பென்னிகுவிக் 1911ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இயற்கை எய்தினார். பின்னாளில் வலுவூட்டப்பெற்ற அவ்வணை இன்றும் நிலைத்து நிற்கின்றது. தேனி மாவட்டத்து உழவர் தைப்பொங்கலை ஒட்டிவரும் அவர்தம் பிறந்தநாளில் பொங்கலிட்டு அவரைப் போற்றுகின்றனர். அணையின் உறுதிக்கு அதன் அடித்தளம் துணை. அதனை எழுப்பியோரின் உறுதிக்கு அவர்தம் அறிவும் அருளும் துணையாயின. பென்னிகுவிக்கோடு, அங்கு உழைத்து உயிர்நீத்த பெயரறியாத் தொழிலாளரையும் நன்றியோடு நினைத்தல் நம் கடனாகும்.