துணிச் சதுரத்தில் ஒரு பாட்டுத்தாள்

பெண்கள் வாக்குரிமை பெற்ற வரலாற்றைச் சதுரம் சதுரமாகத் தைத்து ஒரு போர்வையாக இணைப்பது என்று அட்டனில் ஆசிரியைகள் சிலர் கூடி முடிவு செய்தோம். வாக்குப்பெட்டியை ஒருவர் எடுத்துக்கொண்டார். என் சதுரத்துக்கு நான் தேர்ந்தது மீனாட்சி அம்மையாரை.

கோ. நடேசய்யரின் துணைவியார் என்று சொல்லி அவரை முடித்துவிடுவது நம் வழக்கம். அது நீதியன்று. கொழும்பில் 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றியபோது அதில் முன்னின்றோர் பெரும்பாலும் ஆங்கிலம் கற்ற சீமாட்டிகளே. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரியோர் அக்கோரிக்கையை எதிர்த்தனர். அவ்வேளையில் 'தேசபக்தன்' இதழில் பெண்களின் வாக்குரிமைக்காகத் தமிழில் எழுதியவர் இவ்வம்மையார். டொனமூர் ஆணைக்குழு முப்பது வயது கடந்த பெண்களுக்கே வாக்கு என்றது; 1931இல் அது இருபத்தொன்றாயிற்று.

அவ்வாண்டிலேயே நடேசய்யர் அட்டனில் இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். முன்னர் அவர் துரைமாரின் காவலைக் கடந்து தோட்டங்களுக்குள் புகுந்தது புடவை வியாபாரியாக என்பர். துணி தைப்பவளுக்கு இச்செய்தி இனிக்காதா? அம்மையார் கொண்டுசென்ற சரக்கோ பாட்டு. தொழிலாளரின் துயரத்தைப் பாடல்களாக்கி, அச்சிட்டுப் பரப்பி, கூட்டங்களில் தாமே பாடினார். எழுத்தறியாத கொழுந்துக்காரிக்கும் காது உண்டல்லவா? 1940இல் அவர் பாடல்கள் நூலாகவும் வெளிவந்தன.

என் தாயார் மலையில் இடுப்பில் கட்டிய பழைய படங்கையே அடித்துணியாக வெட்டினேன். ஊசி எளிதில் இறங்கவில்லை. அதன்மேல் வெள்ளைத் துண்டொன்றைப் பாட்டுத்தாளாக வைத்தேன். பாடல் வரிகளைத் தைக்கவில்லை. வரிக்கு ஒரு கருப்பு நூலோட்டம், அவ்வளவே. ஓரத்தில் 1931.

அருகிலிருந்த தோழி, 1949ஐ விட்டுவிட்டாயே என்றாள். முந்திய ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து மலையகத்தாரில் மிகப் பெரும்பாலோர் வாக்கை இழந்த ஆண்டு அது. நடேசய்யர் அதைக் காணாமல் 1947இலேயே மறைந்தார். எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

1949ஐ அதே நூலால் அதே அளவில் தைத்தேன். 2003க்கு முன்பக்கத்தில் இடமில்லை. சதுரத்தைத் திருப்பிப் பின்புறம் தைத்தேன்.